கோடைக்காலத் துணைவேந்தர்

கோயில் ஊரில் யானை இல்லாமல் இருக்கலாம். குளத்தில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். தேர் ஓடாமல் பத்து வருஷமாகத் தகரக் கொட்டகைக்குள் நிற்கலாம். இந்த ஒருவர் மட்டும் இல்லாமல் போகமாட்டார். வெளிநாட்டு மாணவர்கள் வேனிலிருந்து இறங்கி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, குனிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்தில் வந்து நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். "யூ ஃப்ரம் விச் கன்ட்ரி?" என்பார். பதில் வருவதற்குள் "வெரி குட் கன்ட்ரி" என்று சான்றிதழும் கொடுத்துவிடுவார்.

சிதம்பரத்திலும் கும்பகோணத்திலும் இந்த வேலைக்குப் போட்டி அதிகம். எங்கள் திட்டக்குடியில் ஒரே ஒருவர்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் போன வருஷத்து டைரி. பல்கலைக்கழகத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அஞ்சல் வழியில் பி.ஏ.வுக்குப் பணம் கட்டிப் பாதியில் விட்டதுதான். இருந்தாலும் ஊர்க்காரர்கள் கூடி அவருக்குத் 'துணைவேந்தர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் "துணைவேந்தருக்கு சர்க்கரை கம்மி" என்றால் மாஸ்டருக்குப் புரியும்.

மற்ற துணைவேந்தர்களுக்குப் பதவி மூன்று வருஷம். இவருக்கு மூன்று மாதம்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அப்போதுதான் கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் வெளிநாடு போய் ஒரு மொழியோ ஒரு மதமோ படித்துவிட்டு வந்தால் பட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் படிப்பதைச் சொந்தக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு 1923இல் பிள்ளையார் சுழி போட்டவர் டெலவர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு. எட்டே எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அழைத்துப் போனார். இன்றைக்கு எருசலேமுக்குப் போகிறவர்கள் அங்கே போகிறார்கள், காசிக்குப் போகிறவர்கள் காசிக்குப் போகிறார்கள். தமிழ் வேண்டும் என்பவர்கள் மதுரைக்கு வருகிறார்கள். 1961இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் அங்கே கோடைத் தமிழ் வகுப்பு நடத்துகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசியவியல் பள்ளி ஆகஸ்டில் பழந்தமிழ் இலக்கியத்துக்கே கோடைக் கருத்தரங்கு வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்து மார்க் வாங்குகிறார்கள்; பிரெஞ்சுப் பள்ளி நற்றிணைக்குச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்துப் பதிப்புப் போடுகிறது. கணக்கு நேராகிவிடுகிறது.

ஒரே சங்கடம், அவர்களுடைய கோடை நமக்குக் கோடை இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, ஆடி பிறந்த பிறகுதான் அவர்களுக்கு 'சம்மர்' களைகட்டும். வெயிலுக்கு முகத்தில் கிரீம் பூசிக்கொண்டு வந்தவர்கள், ஆடிக் காற்றில் அந்தக் கிரீமின் மேல் வெள்ளாற்று மணல் முழுவதையும் ஒட்டவைத்துக்கொண்டு, கூழ் வார்க்கும் அம்மன் கோயில் குழாயில் எல்.ஆர். ஈஸ்வரி பாட, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நிற்பார்கள்.

தஞ்சாவூர், மதுரை எல்லாம் இருக்க வேன் ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்கலாம். தேவாரம் பாடிய நடுநாட்டுத் தலங்கள் 22. அந்த வரிசையில் முதலில் நிற்பது எங்களுக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திருவட்டத்துறை. அடுத்தது பெண்ணாடம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பிறந்ததும் அந்தப் பெண்ணாடத்தில்தான். அவருடைய 12 சூத்திரங்களை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் என்ற பாதிரியார் ஆங்கிலமாக்க, அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் 1854இல் அது அச்சேறிவிட்டது. ஆகவே ஏதோ ஒரு நூலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து 'பெண்ணாடம்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் வருகிறார்கள். பெண்ணாடம் என்றால் நமக்கு ரயில்வே கேட்டும் கரும்பு டிராக்டரும்தான் ஞாபகம் வரும்.

வேன் வருவது துணைவேந்தருக்கு எப்படித் தெரியும் என்பது இன்னும் யாரும் துப்புத் துலக்காத விஷயம். தொழுதூரில் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்தாலே இங்கே இவர் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார்.

சந்திப்பில் முதல் குழப்பம் மொழியில் வரும். வந்தவர்கள் மதுரையில் தமிழ் படித்தவர்கள். இவருக்கோ வெளிநாட்டார் முன்னால் தமிழ் பேசுவது மரியாதைக் குறைவு.

"அண்ணே, கோயிலுக்கு அங்கிட்டுப் போகணுமா, இங்கிட்டுப் போகணுமா?" என்பாள் அந்தப் பெண்.

"நோ, நோ, மேடம். திஸ் சைடு ஒன்லி. ஃபர்ஸ்ட் கோபுரம், நெக்ஸ்ட் கொடிமரம், தென் காட்."

"சரிண்ணே. நடை சாத்திட்டாய்ங்களா?"

"நடை ஓப்பன். குருக்கள் ஈட்டிங்."

பூக்கட்டிக்கொண்டிருக்கும் ஆயா இதைக் கேட்டுவிட்டு, "ஏம்பா, அந்தப் புள்ள நல்லாத்தான பேசுது, நீ ஏன் திக்குற?" என்று கேட்டால், துணைவேந்தர் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவார்.

கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் நம் நிறத்தில் இருப்பாள். சிகாகோவில் பிறந்தவள், அப்பாவுக்குப் பூர்வீகம் சேலம். அவளைத்தான் இவர் கண்டுகொள்ளவே மாட்டார். மற்ற எல்லோருக்கும் கைகொடுத்து முடித்துவிட்டு, "நீ வேன்காரரு பொண்ணாம்மா? போய் எல்லாருக்கும் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா" என்பார். பாவம், அதுவும் வாங்கிக்கொண்டு வரும்.

பாடம் திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயிலில் தொடங்கும். வசிஷ்டர் வந்து வழிபட்ட தலம். இதை எப்படிச் சொன்னால் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் புரியும்? "வசிஷ்டா. ராமாஸ் பிரின்சிபால்." எல்லோரும் எழுதிக்கொள்வார்கள்.

அங்கிருந்து திருவட்டத்துறை. பெண்ணாடத்திலிருந்து நடந்தே வந்த ஞானசம்பந்தக் குழந்தைக்குக் கால் நோகிறது என்று, இறைவன் ஊர்க்காரர்கள் கனவில் போய்ச் சொல்லி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கொடுத்தனுப்பிய இடம். துணைவேந்தருக்கு மிகவும் பிடித்த தலம் இது. "சம்பந்தர், ஸ்மால் பாய். வாக்கிங், வாக்கிங், டயர்டு. நைட் டைம் காட் டெல்லிங் லோக்கல் கமிட்டி. மார்னிங் பல்லக்கு ரெடி." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். வெளியூரிலிருந்து படித்த பிள்ளை ஒருவர் வருகிறார், உள்ளூரில் ஒரு பொறுப்பான ஆள் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்பாடு செய்கிறார். தம் உத்தியோகத்துக்குத் தேவாரத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

பெண்ணாடத்தில் விமானம் படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்திருக்கும். அதனால் தூங்கானை மாடம். சமணத்திலிருந்து திரும்பிய அப்பர், இந்த உடம்போடு உயிர் வாழ மனமில்லை, உன் குறி பொறித்துத் தா என்று கேட்டு, தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப்பெற்ற தலம். "அப்பர், ஷோல்டர், டாட்டூ" என்றதும் ஒரு பையன் சட்டைக் கையைச் சுருட்டித் தன் புஜத்தில் பச்சை குத்திய நடராஜரைக் காட்டினான். துணைவேந்தர் அசந்துபோனார். "சேம் சேம்" என்று அவன் தோளைத் தட்டினார். அப்பருக்கு அடுத்தபடியாக அன்று பெண்ணாடத்தில் மரியாதை பெற்றவன் அந்தப் பையன்தான்.

ஆனால் அதே ஊரில்தான் அவர் வாயடைத்து நின்றதும். பெண்ணாடத்துக் கலிக்கம்ப நாயனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடியார்கள் காலைக் கழுவும்போது, முன்பு தம் வீட்டில் வேலை பார்த்த ஒருவர் அடியாராக வந்து நிற்க, மனைவி நீர் வார்க்கத் தயங்கினாள். நாயனார் அவள் கையை வெட்டிவிட்டுத் தாமே நீர் வார்த்தார். "வெரி பிக் டெவோட்டி" என்று முடித்தார். அந்த மதுரைத் தமிழ்ப் பெண் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அண்ணே, கை போன அந்த அக்கா பேரு என்ன?" என்று கேட்டாள்.

துணைவேந்தர் டைரியைப் புரட்டினார். பேனாவைத் திறந்து மூடினார். "அதெல்லாம் லஞ்சுக்கு அப்புறம்" என்றார், முதன்முறையாகத் தமிழில். சாப்பாட்டுக்குப் பிறகு வேறு பாடம் போய்விட்டது.

விருத்தாசலத்தில் அவருக்குத் தைரியம் திரும்பிவிடும். அங்கே எல்லாம் ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர். எண்ணிக் காட்டினால் போதும், வரலாறு வேண்டாம். உற்சாகத்தில் வெளியே வந்தபிறகும் நிறுத்தமாட்டார். "ஃபைவ் டீ ஷாப், ஃபைவ் மெடிக்கல்" என்று சன்னதித் தெரு வரைக்கும் எண்ணிக்கொண்டே வருவார். சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதையைக் கூட்டுறவுச் சங்கத்து மொழியில் சொல்வார்: "ரிவர் டெபாசிட், டேங்க் வித்ட்ராயல். நோ சர்வீஸ் சார்ஜ்." போடுவதற்கு முன் சுந்தரர் பொன்னில் ஒரு துண்டு வெட்டி மச்சம் எடுத்துவைத்துக்கொண்டதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ரசீது இல்லாமல் பணம் கட்டாத ஒரு நாயன்மார்!

"காசிக்குப் போகவேணாம் மேடம். ஹியர், காசியைவிட ஒன் வீசம் எக்ஸ்ட்ரா புண்ணியம்" என்பார். வீசம் எத்தனை சதவீதம் என்று ஒருத்தி கேட்டாள். "சிக்ஸ் பாயின்ட் டூ ஃபைவ்" என்று யோசிக்காமல் பதில் வந்தது. அன்றைக்கு முழுக்க அவர் சொன்னதில் துளியும் பிசகாத தகவல் அதுதான். வட்டிக்கணக்குப் போட்ட கை அல்லவா?

கடைசி நிறுத்தம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். இங்கே முருகனிடம் வெறுமனே வேண்டிக்கொண்டு போகமுடியாது. குறையை மனுவாக எழுதிப் பிராது கட்டவேண்டும். காரியம் முடிந்ததும் திரும்ப வந்து ராஜினாமா செய்யவேண்டும். நம் சொந்த ஊர் கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து அதற்குத் தக்கபடி படிப்பணம் கட்டுவதும் உண்டு. மதம் படிக்க வந்த மாணவர்களுக்கு இதைக் கண்டதும் கண் விரிந்துவிடும். ஒருவன் தன் பேராசிரியர் நல்ல மதிப்பெண் போடவேண்டும் என்று சுத்தமான தமிழில் மனு எழுதினான். துணைவேந்தர் வாங்கிப் படித்து, 'பெறுநர்', 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டுத் திருத்தினார். பிறகுதான் ஊர் எது என்று கேட்டார். சிகாகோ. போனில் தட்டிப் பார்த்தால் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மனுவைப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டு, "இப்ப நீங்க மதுரையில்தானே தங்கியிருக்கீங்க? மதுரைன்னே போடுங்க" என்றார். செலவைக் குறைக்கும் வழி சொல்லித்தராத கல்வி என்ன கல்வி?

இதுவரை சிரிப்புத்தான். இனிமேல்தான் வில்லங்கம். கீழச்செருவாயில் எங்களுக்கு வெலிங்டன் ஏரி இருக்கிறது. 1923இல் கட்டி முடித்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர்தான் அது. துணைவேந்தர் இங்கே நின்று, "நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் வெட்டின ஏரி" என்று ஒரு வருஷம் அள்ளிவிட்டார். அந்த வெலிங்டன் 1852லேயே செத்துப்போனவர். ஒரு மாணவன் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டு போய்க் கோடைக்கால அறிக்கையில் எழுதிவிட்டான். கீழே அடிக்குறிப்பில் 'உள்ளூர்த் தகவலாளர், திட்டக்குடி' என்று ஆதாரம். நன்றிக்கடனாக அறிக்கையில் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பிவைத்தான். மறு வருஷம் வந்தவர்களில் ஒருத்தி சந்தேகப்பட்டாள். துணைவேந்தர் அசரவில்லை. அந்தப் பிரதியை எடுத்து நீட்டி, "நான் சொல்லல மேடம், உங்க யூனிவர்சிட்டியே சொல்லியிருக்கு" என்றார். அடுத்த அறிக்கையில் ஆதாரம் இரண்டாகிவிட்டது. பொய் ஒன்று வெளிநாடு போய்ப் படித்துப் பட்டம் வாங்கித் திரும்பிவந்த கதை இது.

இவர் நேற்று முளைத்தவர் அல்லர். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவருக்கும் பக்கத்தில் ஒரு துபாஷி தேவைப்பட்டது. புதுச்சேரி துரைமார்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி நமக்குச் சரித்திரத்தையே விட்டுப்போனார். எங்கள் துணைவேந்தரும் டைரி வைத்திருக்கிறார். அதில் பெயர், நாடு, கையெழுத்து, 'ரிமார்க்ஸ்' என்று நான்கு கட்டம். ஒரு பெண் ரிமார்க்ஸில் அழகான தமிழில், 'ஐயா நிறையப் பேசுகிறார்' என்று எழுதியிருக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் அதைக் காட்டிவிட்டார், பாராட்டு என்று நினைத்து.

காசு வாங்கமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலும் மறுத்துவிடுவார். விருத்தாசலத்துப் பீங்கான் கடையில் ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் வாங்க அழைத்துப் போனாலும் கமிஷன் கிடையாது. கரண்ட் ஃபியூஸுக்கு வைக்கும் வெள்ளைப் பீங்கானை ஒரு மாணவி ஏதோ பூஜைச் சாமான் என்று நினைத்து விலை கேட்டபோது, "அது ஈ.பி. சாமான்மா, வேண்டாம்" என்று தடுத்த உத்தமர் அவர். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு குரூப் போட்டோ, அதில் நடுவில் ஓர் இடம்.

எந்தப் பேராசிரியரிடமும் இல்லாத ஒரு வித்தை அவரிடம் இருக்கிறது. பூட்டிய சன்னதியின் சாவி எந்த நேரத்தில் யார் இடுப்பில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மெய்க்காவலர் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தால், சாவி அவர் சம்சாரத்திடமா, எதிர்வீட்டு வாத்தியாரிடமா என்பதும் தெரியும். அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போன ஆய்வாளர்களுக்கு, "பெரியம்மா, நம்ம புள்ளைங்கதான், செத்த தொறந்து விடுங்க" என்ற ஒரே வாக்கியத்தில் கதவைத் திறந்து காட்டியிருக்கிறார். ஓதுவார் எந்தத் தெருவில் இருக்கிறார், கல்வெட்டு எந்தச் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது, எந்தக் குருக்களுக்குக் கேள்வி கேட்டால் கோபம் வரும், எல்லாம் அத்துப்படி.

இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு மணியானால் துணைவேந்தர் மண்டபத்துத் தூண் ஓரம் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாணவர்கள் பூக்கார ஆயாவிடம் போய் உட்காருவார்கள். யாருக்கு என்ன நேர்த்திக்கடன், எந்த அம்மனுக்கு எந்தக் கிழமை, வெள்ளாற்றில் எந்த வருஷம் எதுவரை தண்ணீர் வந்தது என்று ஆயா சொல்லிக்கொண்டே போவாள். துணைவேந்தர் கண் விழிக்கும்போது நோட்டில் பாதி நிரம்பியிருக்கும். தன் பாடத்தைத்தான் இவ்வளவு நேரம் எழுதினார்கள் என்று அவர் சந்தோஷப்படுவார்.

அடுத்த ஆடியில் வரப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அவர் ஆளைச் சொன்னால் நம்புங்கள், ஆண்டைச் சொன்னால் கல்வெட்டைப் பாருங்கள். போட்டோவில் நடுவில் நிற்க விடுங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம்.

உள்ளூர்க்காரர்களான நமக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஒரு வட்டாரத்தின் கோயில் கதை முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்து ஓய்வூதியர் ஒருவர் தலையில் கட்டியது அவர் குற்றமில்லை. பெண்ணாடத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் போனால் அரைமணி நேரம்தான் ஆகும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தூங்கானை மாடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். நடை சாத்தியிருந்தால் கவலைப்படாதீர்கள், துணைவேந்தருக்கு ஒரு போன் போடுங்கள்.